மஞ்சள் கார்டுக்காரிக்கு இவ்வளவு உடம்பா?

கேட்டுவிட்டீர்கள். ரேஷன் கடை வரிசையில் என் முதுகுக்குப் பின்னால் நின்று கேட்டீர்கள். ஆசுபத்திரியில் எடை பார்க்கும் மெஷினில் நான் ஏறும்போது கேட்டீர்கள். ஆட்டோவில் ஏறினால் கண்ணாடியில் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டீர்கள். இவளுக்கா அந்தியோதயா மஞ்சள் கார்டு? இந்த உடம்பை வைத்துக்கொண்டா இலவச அரிசி? இத்தனை வருஷமும் காதில் விழாத மாதிரி சஞ்சியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்துவிடுவேன். இனி முடியாது. ஏனென்றால் இப்போது அதே கேள்வியை என் மகளைப் பார்த்துக் கேட்க ஆரம்பித்துவிட்டீர்கள்.

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு காலனியில் இருக்கிறேன். எங்கள் பாட்டனார் நாகர்கோவில் பக்கத்திலிருந்து இங்கே மூட்டை தூக்க வந்தவர். அப்போது இது வேறு ஊர் இல்லை, எல்லாம் திருவிதாங்கூர்தான். 1956-இல் கன்னியாகுமரி அந்தப் பக்கம் போனது, நாங்கள் இந்தப் பக்கமே நின்றுவிட்டோம். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தேன். ஒரு மளிகை மொத்தக் கடையில் பில் எழுதுகிறேன். காலையில் ஸ்டூலில் உட்கார்ந்தால் கடை சாத்தும்போதுதான் எழுந்திருப்பேன். என்னைச் சுற்றிலும் மூட்டை மூட்டையாகத் துவரம்பருப்பு, சிறுபயறு, கடலை, பாதாம். அத்தனையும் என் கையெழுத்தில்தான் வெளியே போகிறது. என் வீட்டுக்குப் போவது மட்டும் ரேஷன் அரிசி.

2022-இல் தகுதி இல்லாதவர்கள் கையில் இருக்கும் கார்டுகளைப் பிடிக்க ‘ஆபரேஷன் யெல்லோ’ என்று அரசாங்கம் ஒன்றைத் தொடங்கியது. தப்பில்லை. கார் வைத்திருப்பவன், ஆயிரம் சதுர அடிக்கு மேல் வீடு கட்டியவன், மஞ்சள் கார்டில் அரிசி வாங்கினால் பிடிக்கத்தான் வேண்டும். அதற்குப் பிறகு யாரோ ஒரு புண்ணியவான் என் பெயரையும் போன் பண்ணிச் சொல்லியிருக்கிறார். விசாரிக்க ஆள் வந்தார். எந்த அலுவலகம், யார் என்று நான் எழுதப்போவதில்லை, அவரும் பிள்ளைகுட்டிக்காரராக இருப்பார். எங்கள் வீட்டில் விசாரிக்க என்ன இருக்கிறது? ஒரு அறை, ஒரு சமையல் மூலை, தகரக் கூரை, கட்டிலில் என் மாமியார். வந்தவர் கூரையைப் பார்க்கவில்லை. என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பார்த்துவிட்டு, “கண்டா பட்டிணியாணுன்னு தோணத்தில்லல்லோ” என்றார். பார்த்தால் பட்டினி என்று தோன்றவில்லையாம்.

காருக்கு அளவு வைத்தீர்கள், வீட்டுக்கு அளவு வைத்தீர்கள், வருமானத்துக்கு அளவு வைத்தீர்கள். இடுப்புச் சுற்றளவுக்கும் வைத்திருக்கிறீர்களா? எந்த அரசாணையில்? பட்டினி கிடப்பவள் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்து வைத்திருக்கிறீர்கள்? எலும்பு தெரிய வேண்டுமா, கண் உள்ளே போயிருக்க வேண்டுமா? அப்படி இருந்தால்தான் கார்டா?

அந்தக் கார்டில் குடும்பத் தலைவி நான்தான். பதினெட்டு வயது தாண்டிய பெண்தான் தலைவி என்று 2013-இல் போட்ட தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. பெண்ணுக்குக் கொடுத்த மரியாதை என்றுதான் நினைத்தேன். யார் கார்டைப் பற்றிக் கேட்டாலும் என் உடம்பைப் பார்த்துக் கேட்பதற்காக என்று அப்போது தெரியாது.

சரி, என் உடம்பு எதனால் ஆனது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

மஞ்சள் கார்டுக்கு மாதம் 35 கிலோ தானியம். எங்கள் கேரளத்தில் அதில் 30 கிலோ அரிசி, மிச்சம் கோதுமையும் ஆட்டாவும். வீட்டில் இப்போது மூன்று பேர், நான், மகள், மாமியார். ஆக நாளைக்கு ஒரு கிலோ அரிசி வேகிறது. ஒரு கிலோ அரிசியில் ஏறக்குறைய 3,500 கலோரி. காலையில் பழையது, இல்லாவிட்டால் ஆட்டாவில் ஒரு தோசை. மதியம் சோறு, ராத்திரி கஞ்சி. தொட்டுக்கொள்ள ஒரு துவையல், ஒரு அப்பளம், புளிக்குழம்பு. நடுவில் பசித்தால் கடைப்பையன் வாங்கி வரும் சீனிச் சாயாவும் ஏத்தங்காய் அப்பமும். அதை விட்டால் அந்தக் காசுக்கு வயிறு நிரம்புகிற மாதிரி இந்தத் தெருவில் வேறு என்ன கிடைக்கும், நீங்களே சொல்லுங்கள்.

ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. 2024-இல் அவர்கள் ஒரு தட்டுக் கணக்கு வெளியிட்டார்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,000 கலோரி என்று வைத்தால் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், பால் 300 மில்லி, கூடவே கொஞ்சம் கொட்டைகளும் எண்ணெயும். மொத்தக் கலோரியில் தானியம் பாதிகூட வரக்கூடாது, 45 சதவீதத்தோடு நிற்க வேண்டும் என்கிறார்கள். நான் பில் எழுதுகிறவள்தானே. இதற்கும் ஒரு பில் போட்டுப் பார்த்தேன். மூன்று பேருக்கு மாதம் ஏழரைக் கிலோவுக்கு மேல் பருப்பு, கிலோ நூற்றுச் சொச்சம். காய்கறி 36 கிலோ. பால் 27 லிட்டர். மீனும் பழமும் சேர்க்காமலே நாலாயிரம் ரூபாயைத் தொட்டு நின்றது. அந்த பில்லைக் கிழித்துப் போட்டேன். என் சம்பளத்தில் வீட்டு வாடகையும் மாமியாரின் மருந்தும் மகளின் பஸ் காசும் போனால் என்ன மிஞ்சும் என்று எனக்குத்தான் தெரியும்.

அந்தத் தட்டில் தானியம் இருக்கும் மூலையை மட்டும் நிரப்பி என் கையில் தந்துவிட்டு, மற்ற மூலைகளை நீயே பார்த்துக்கொள் என்கிறீர்கள். எதை வைத்துப் பார்த்துக்கொள்ள? வயிறு காலி மூலை பார்க்காது. கிடைத்ததை வைத்து நிரப்பிக்கொள்ளும். நிரப்பிக்கொண்டது. அதுதான் இந்த உடம்பு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதீர்கள். மஞ்சள் கார்டுக்காரர்களுக்கு மட்டும் என்று மத்திய அரசு தனியாக ஒரு சலுகை வைத்திருக்கிறது. மாதம் ஒரு கிலோ சீனி. நாட்டிலேயே ஏழையிலும் ஏழை என்று பொறுக்கி எடுத்தவனுக்கு நீங்கள் விசேஷமாக நினைத்துக் கொடுப்பது சீனி! பருப்பு இல்லை, முட்டை இல்லை, சீனி.

நன்றி கெட்டவள் என்று என்னை நினைக்காதீர்கள். ரேஷன் இல்லாவிட்டால் நான் பிறந்திருக்கவே மாட்டேன். என் அம்மாவைப் பெற்ற பாட்டி யுத்த காலத்துக் கதை சொல்வாள். பர்மாவை ஜப்பான்காரன் பிடித்ததும் கப்பலில் வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. திருவிதாங்கூர் முழுக்க மரச்சீனிக் கிழங்கைத் தின்றுதான் உயிர் பிழைத்தது. அதற்கு அறுபது வருஷம் முன்னாலேயே விசாகம் திருநாள் மகாராஜா, பஞ்சத்தில் ஏழைக்கு உதவும் என்று மரச்சீனி போட ஊக்கம் கொடுத்தாராம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பாருங்கள், அன்றைக்கிலிருந்து இன்றைக்கு வரை இந்த மண்ணில் ஏழைக்கு என்று யார் யோசித்தாலும் யோசனை மாவுச்சத்தைத் தாண்டிப் போகவே இல்லை. கிழங்கு கொடு, அரிசி கொடு, கோதுமை கொடு. 1960-களில் அரிசிப் பஞ்சம் வந்து ரேஷன் சட்டமானது. என் அம்மா வயிற்றில் என்னைச் சுமந்துகொண்டு வரிசையில் நின்று வாங்கிய அரிசியில்தான் நான் வளர்ந்தேன். அந்த வரிசையை நான் கும்பிடுகிறேன். அதற்காகவே கேட்கிறேன், சாகாமல் பார்த்துக்கொண்டால் போதுமா? வாழ வேண்டாமா?

அம்மா என்னைப் பெற்றபோது நான் பூனைக்குட்டி மாதிரி இருந்தேனாம். பூனேயில் யாக்னிக் என்று ஒரு டாக்டர் பல வருஷமாகக் கிராமத்துத் தாய்மாரையும் பிள்ளைகளையும் ஆராய்ந்திருக்கிறார். நம் நாட்டில் எடை குறைந்து பிறக்கும் பிள்ளைகள் பார்க்க ஒல்லி, ஆனால் உள்ளே கொழுப்பு என்று கண்டு சொன்னவர் அவர். தாய் வயிற்றிலேயே பசியைப் பார்த்த உடம்பு, கிடைத்ததையெல்லாம் பிற்பாடு தேவைப்படும் என்று சேர்த்து வைத்துக்கொள்ளுமாம். அப்படியானால் என் இடுப்பில் இருப்பது என் அம்மாவின் பட்டினி. அதைப் பார்த்துத்தான் தின்னி என்கிறீர்கள்.

சதை இருக்கிறது, ரத்தம் இல்லை. போன தடவை ரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் ஒன்பது. நர்ஸ் சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி சீட்டைப் பார்த்தாள். நம்ப முடியவில்லை அவளுக்கு. நம்ப ஏன் முடியாது? 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில் கேரளத்துப் பெண்களில் 38.1 சதவீதம் பேர் அதிக எடை. அதற்கு முந்தைய ஆய்வில் 32.4. அதே ஆய்வில் அதே கேரளத்துப் பெண்களில் 36.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டும் வேறு வேறு வீடா? எத்தனை வீட்டில் இரண்டும் ஒரே பெண்ணின் உடம்பில் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தீர்களா?

ரேஷன் அரிசியில் இரும்புச்சத்து சேர்த்த அரிசியைக் கலந்து தர ஆரம்பித்தார்கள். நல்லது. அரிசிக்குள் இரும்பைத் திணிக்க யோசித்தவர்களுக்கு, அரிசிக்குப் பக்கத்தில் ஒரு கிலோ பயறு வைக்கத் தோன்றவில்லையே!

தோன்றாமலும் இல்லை, எழுதியே வைத்திருக்கிறார்கள். அந்த 2013 சட்டத்தின் முகப்பிலேயே உணவோடு ஊட்டச்சத்தும் என்று இருக்கிறது, மரியாதையோடு வாழ என்று இருக்கிறது. 12-ஆவது பிரிவில், ரேஷனில் கொடுக்கும் பொருள்களைக் காலப்போக்கில் பலவகையாக்க வேண்டும் என்று இருக்கிறது. எனக்கு இதைப் படித்துக் காட்டியவர் கடைக்குக் கணக்கு எழுத வரும் ஒரு வக்கீல் குமாஸ்தா. நான் இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். காலப்போக்கில்! எவ்வளவு காலம்? சட்டம் வந்தபோது என் வீட்டுக்காரர் இரண்டு காலோடு மூட்டை சுமந்துகொண்டிருந்தார்.

அவரைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது.

சாலைக் கடைத்தெரு அரிசி மண்டியில் அட்டி தூக்குகிற வேலை. ஆள் ஒல்லிதான், வயிறு மட்டும் கொஞ்சம் முன்னால் தள்ளியிருக்கும். விடியுமுன் போய் லாரி இறக்குவார். வெறும் வயிற்றில் சாக்கு தூக்க முடியாது என்று நாலு ஸ்பூன் சீனி போட்ட சாயா. மதியம் குவித்த சோறு. குவிக்காவிட்டால் சாயங்காலம் லோடு எழும்பாது. அவருக்குச் சர்க்கரை இருந்தது அவருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒரு நாள் மண்டியில் சாக்குத் தைக்கும் ஊசி உள்ளங்காலில் ஏறியது. மஞ்சள் அரைத்துப் போட்டேன். ஆறவில்லை. வாடை வந்த பிறகுதான் ஆசுபத்திரிக்குப் போனோம். முதலில் விரல் என்றார்கள். பிறகு பாதம் என்றார்கள். பிறகு முட்டிக்குக் கீழே. அவர் காலை ஒரு பச்சைத் துணியில் சுற்றிக் கொண்டுபோனார்கள், என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு.

அந்த வார்டில் ஒரு டாக்டர் சொன்னதை எத்தனை வருஷமானாலும் மறக்க மாட்டேன். “மூணு நேரமும் சோறு தின்றால் இப்படித்தான். சொன்னால் கேட்கமாட்டீர்கள்.” யார் எங்களிடம் சொன்னது? எப்போது சொன்னது? சோற்றைத் தவிர வேறு எதைத் தின்னச் சொல்லிக் கையில் கொடுத்தீர்கள்? ஓட்ஸ் சாப்பிடு என்று சீட்டில் எழுதித் தந்தார். கால் போன சுமட்டுத் தொழிலாளி ஓட்ஸ் சாப்பிட வேண்டுமாம்.

அடுத்த மழைக்கு முன்னால் போய்விட்டார். மரணவீட்டில் அவருடைய சொந்த அக்கா, நான் கேட்கும்படியாகவே சொன்னாள்: “தின்னே செத்தான்.” பந்தலில் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஆயுசு முழுக்க ஊருக்கெல்லாம் அரிசி சுமந்த மனுஷன். தின்று செத்தவன் என்று பெயர் வாங்கிக்கொண்டு தைக்காடு சாந்திகவாடத்தில் எரிந்தார்.

2023-இல் வந்த ஐசிஎம்ஆர் ஆய்வு கேரளத்தில் 25.5 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்று சொன்னது. நாலு பேரில் ஒருவர். இந்த நாலில் ஒருவரெல்லாம் தின்னிகளா? பணக்காரனுக்கு வந்தால் அது பரம்பரை, டென்ஷன், வேலைப் பளு. எங்களுக்கு வந்தால் மட்டும் வாய்க்கொழுப்பா?

மீன் சாப்பிடு என்கிறீர்கள். கடலோர ஊரில் இருந்துகொண்டு அதையும் எங்களிடம் சொல்கிறீர்கள். சாளை மீன் இருந்தால் நீங்கள் சொல்லாமலே தின்றிருப்போம். பருப்பு வாங்க முடியாத வீட்டுக்கெல்லாம் சாளைதான் பருப்பு, சாளைதான் முட்டை, சாளைதான் கறி. 2012-இல் கேரளக் கரையில் நாலு லட்சம் டன்னை ஒட்டிச் சாளை கிடைத்தது. 2021-இல் கிடைத்தது வெறும் 3,297 டன் என்று கொச்சியில் இருக்கும் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிறுவனம் கணக்குச் சொன்னது. கடல் சூடானதா, குஞ்சு மீனை அள்ளினார்களா, அதெல்லாம் படித்தவர்கள் பேசட்டும். 2024 ஜூனில் டிராலிங் தடையின்போது கிலோ 400 ரூபாய்க்குப் போனது. பத்து ரூபாய்க்கு ஒரு கூறு என்று தலையில் கூடை வைத்து விற்றுக்கொண்டு வருவார்களே, அந்த மீன். எங்கள் தட்டிலிருந்து அது காணாமல் போனபோது எந்த ஆபரேஷனும் நடக்கவில்லை.

மாவேலி ஸ்டோர் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. சிறுபயறு, உளுந்து, கடலை, துவரை என்று 13 சாமான் மானியத்தில் தரும் ஏற்பாடு, கேரளத்துக்கே பெருமை. 2016-இலிருந்து விலை ஏற்றாமல் வைத்திருந்தார்கள். 2023-இல் அந்தச் சாமான்களே தட்டுப்பாடு என்று பத்திரிகையிலெல்லாம் வந்து சட்டசபை வரைக்கும் சண்டை போனது. 2024 பிப்ரவரியில் முடிவு பண்ணினார்கள், இனி வெளி மார்க்கெட் விலையில் 35 சதவீதம்தான் குறைவு என்று. வெளியே ஏறினால் உள்ளேயும் ஏறும். அரிசிக்கு இல்லாத விலை பயறுக்கு இருக்கும் வரை எங்கள் வயிறு எந்தப் பக்கம் சாயும்?

எல்லை தாண்டி மார்த்தாண்டத்தில் என் தங்கை இருக்கிறாள். அவள் கார்டில் அரிசியோடு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்கு, ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்குக் கிடைக்கிறது. 2007-இலிருந்து தமிழ்நாட்டில் அப்படித்தான். 2023-இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். அதற்காக அங்கே எல்லோரும் கொடி மாதிரி இருக்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை. பெண்களில் 40.4 சதவீதம் அதிக எடை, எங்களைவிடக் கூடுதல். ஒரு கிலோ பருப்பு ஒரு குடும்பத்துக்கு எத்தனை நாள் வரும்? ஆனாலும் ரேஷன் கடையில் பருப்பு கொடுக்க முடியும் என்று அவர்கள் காட்டிவிட்டார்கள். களியக்காவிளை வழியாக அந்த ஊர் ரேஷன் அரிசியை இந்தப் பக்கம் கடத்தி வந்து பிடிபட்டார்கள் என்று அடிக்கடி பேப்பரில் வருகிறது. ரேஷன் பருப்பைக் கடத்தியதாக நான் படித்ததில்லை. அது வீட்டிலேயே வெந்துவிடுகிறது போலும்.

இனி என் மகளுக்கு வருகிறேன்.

ஒன்பதாவது படிக்கிறாள். வகுப்பில் பெரிய உடம்பு அவளுக்குத்தான். கொஞ்ச நாளாகக் குளிக்கப் போனால் வெளியே வருவதில்லை. தண்ணீர் தீர்ந்துவிடும் என்று கதவைத் தட்டித் தட்டி ஒரு நாள் தள்ளித் திறந்தேன். பாத்திரம் தேய்க்கிற நாரை வைத்துப் பிடரியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். தோல் உரிந்து ரத்தம் கசிகிறது. கழுத்தைச் சுற்றி மாலை போட்ட மாதிரி ஒரு கறுப்பு அவளுக்கு. தடித்த, வெல்வெட்டு மாதிரிக் கறுப்பு. “நாளைக்குக் கழுத்தைத் தேச்சுக் குளிச்சிட்டு வா” என்று பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார். அவளும் தேய்க்கிறாள், தேய்க்கிறாள், போகவில்லை. போகாது. அது அழுக்கில்லை. ரத்தத்தில் இன்சுலின் கூடிக் கூடி, இனிமேல் சர்க்கரை வரப்போகிறது என்று உடம்பு கழுத்தில் எழுதிக் காட்டுவது அது. ஆசுபத்திரியில் ஒரு சின்ன டாக்டரம்மாள் நிதானமாக உட்காரவைத்துச் சொன்னார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் அப்பாவுக்குக் கழுத்தில் அதே கறுப்பு இருந்தது. மூட்டை சுமந்த தழும்பு என்று நினைத்தோம்.

ஆசிரியர் படித்தவர்தானே? அதைப் பார்த்து அழுக்கு என்றுதான் தோன்ற வேண்டுமா? வசதியான வீட்டுப் பிள்ளையின் கழுத்தில் அது இருந்திருந்தால் குளிக்கச் சொல்லியிருப்பாரா, டாக்டரிடம் காட்டச் சொல்லியிருப்பாரா?

குண்டாவதைத் தடுக்க அரசாங்கங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2016-இல் கேரள நிதியமைச்சர் தாமஸ் ஐசக் பர்கருக்கும் பீட்சாவுக்கும் 14.5 சதவீதம் கொழுப்பு வரி போட்டார், நாடே பேசியது. அடுத்த வருஷம் ஜிஎஸ்டி வந்து அதுவும் போனது. எங்கள் காலனியில் பீட்சாக் கடைக்குள் நுழைந்தவர்கள் யார் என்று கேட்டால், டெலிவரி எடுக்கப் போகும் பையன்கள் கை தூக்குவார்கள். 2025-இல் பிரதமர் சமையல் எண்ணெயைப் பத்து சதவீதம் குறைக்கச் சொன்னார். உடல் பருமனுக்கு எதிராகப் பேசப் பத்துப் பேரைப் பெயர் சொல்லி அழைத்தார், நம் ஊர் மோகன்லாலும் அதில் உண்டு. அந்த வருஷம் தேங்காய் எண்ணெய் லிட்டர் 400-ஐத் தாண்டி ஓடியது. பத்து சதவீதம் எதற்கு, நாங்கள் பாதியே குறைத்துவிட்டோம். உடம்பு குறைந்ததா?

புத்தி சொன்னால் திருந்திவிடுவோம் என்று நினைக்கிறவர்களுக்கு இந்த ஜில்லாவிலேயே பதில் இருக்கிறது. நெய்யாற்றின்கரை தாலுகாவில் 2013-இலிருந்து ஆயிரம் பேரை வைத்து ஸ்ரீ சித்திரா மருத்துவ நிறுவனத்து ஆட்கள் ஒரு பெரிய முயற்சி செய்தார்கள். சர்க்கரை வரக்கூடியவர்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருவருக்கொருவர் துணையாக நின்று பழக்கத்தை மாற்றச் சொன்னார்கள். காய்கறி, பழம் தின்பது கூடியது, குடி குறைந்தது. ஆனால் இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால், சர்க்கரை புதிதாக வருவது உறுதியாகச் சொல்கிற அளவுக்குக் குறையவில்லை. நல்ல மனசோடு செய்தார்கள், எனக்கு அவர்கள்மேல் வருத்தமில்லை. பேச்சுக்கு ஒரு எல்லை உண்டு என்றுதான் எனக்குப் புரிகிறது. தட்டில் விழுவது மாறாமல் காதில் விழுவதை மட்டும் மாற்றி என்ன செய்ய?

எனக்கு ஒரு பயமும் இருக்கிறது. அமெரிக்காவில் ஏழைகளுக்குச் சாப்பாட்டுக்கு அரசாங்கம் கொடுக்கும் உதவியில் சோடா வாங்கக்கூடாது என்று 2025-இல் நெப்ராஸ்கா மாநிலம் முதலில் அனுமதி வாங்கியது, மற்ற மாநிலங்களும் பின்னாலேயே வந்தன. மெக்சிகோவில் கிராமத்து ஏழைகளுக்குப் பொருளாகவும் பணமாகவும் கொடுத்துப் பார்த்தபோது, ஏற்கெனவே பருத்திருந்த பெண்களுக்கு எடை இன்னும் ஏறியது என்று 2013-இல் ஓர் ஆராய்ச்சி வந்தது. இதையெல்லாம் இங்கே யாராவது கையில் எடுத்துக்கொண்டு, பார்த்தீர்களா, கொடுத்தால் கொழுக்கிறார்கள், வெட்டுங்கள் என்று ஆரம்பிப்பார்கள். நான் எழுதும் இந்தக் கடிதத்தையே காட்டினாலும் காட்டுவார்கள். இலவச அரிசிதான் நாட்டைக் கெடுத்தது என்று ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அவர்களுக்குச் சொல்கிறேன். கேரளத்தில் ஒரு கோடியே 54 லட்சம் பேர் இந்தச் சட்டத்தின் கீழ் அரிசி வாங்குகிறோம். அந்த அரிசிக்குக் கைரேகை வைக்கிறோம். ரேகை தேய்ந்துபோன கையை மெஷினில் துடைத்துத் துடைத்து வைக்கிறோம். 2024-இல் மஸ்டரிங் என்று உயிரோடு இருப்பதை நிரூபிக்கச் சொன்னபோது படுத்த படுக்கையான மாமியாரின் விரலையும் வைத்தோம். அந்த அரிசி எங்கள் உரிமை. ஒரு கிலோ குறைத்தால் எங்கள் எடை குறையாது. கடையில் கடனுக்கு வாங்கும் அரிசிதான் கூடும், அதற்காகத் தொட்டுக்கொள்ளும் துவையலும் போகும்.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். அந்த 12-ஆவது பிரிவை எடுத்துத் தூசி தட்டுங்கள், மத்தியிலும் சரி மாநிலத்திலும் சரி. மஞ்சள் கார்டிலும், அதற்கு அடுத்தபடி ஏழைகளுக்கான பிங்க் கார்டிலும் ஒரு ஆளுக்கு மாதம் ஒரு கிலோவாவது பயறோ பருப்போ அரிசியோடு சேர்த்து எழுதுங்கள். சீனி இருக்கும் இடத்தில் முட்டை எழுதுங்கள். என்னைப் போல மூன்று வேளையும் சோறு வேண்டாம் என்கிறவர்களுக்குக் கேழ்வரகு கேட்டால் கிடைக்கும்படி செய்யுங்கள், கர்நாடகத்தில் ரேஷனிலேயே தருகிறார்கள். பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளின் கழுத்தைப் பார்க்க ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். இதைப் படிக்கிற நீங்கள் உங்கள் வார்டு கவுன்சிலரிடம், உங்கள் எம்எல்ஏவிடம் இதைக் கேளுங்கள். நாங்கள் கேட்டால் எங்கள் உடம்பைத்தான் பார்க்கிறார்கள். நீங்கள் கேட்டால் கேள்வியைப் பார்ப்பார்கள்.